அலைகளின் கதை – 19: இருக்கிறது, ஆனால் எங்கே?

சென்ற அத்தியாயத்தை 2003 ஜூனில் நிறுத்தியிருந்தோம். அமெரிக்காவின் வால்மார்ட், தனக்குச் சரக்கு அனுப்பும் பெரிய சப்ளையர்கள் 100 பேரிடம், 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் ஒட்டி அனுப்பியாக வேண்டும் என்று கறாராகச் சொன்ன மாதம் அது. சப்ளையர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒட்ட ஆரம்பித்தார்கள்.

கிடங்கு வாசலில் அந்த டேக்கைப் படிக்கும் ரீடர் இருக்கும். பெட்டி உள்ளே வந்தால் கணக்கில் ஏறும், வெளியே போனால் கழியும். இரண்டுக்கும் நடுவில் அது எந்த மூலையில் கிடக்கிறது என்று கேட்டால் கணினி கையை விரித்தது. இருக்கிறதா, இல்லையா என்பதோடு ரீடரின் வேலை முடிந்துவிடும். எங்கே என்ற கேள்வியை அதை வடிவமைத்தவர்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

உங்கள் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இதே குடும்பம்தான். அதில் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடி ஆன்டெனா அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழிக்கும். அந்த அலையையே கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்லும். அங்கே இடம் ஒரு பிரச்சினை இல்லை, வண்டி தடுப்புக் கம்பிக்கு முன்னால்தான் நிற்கிறது. நூலகத்தில் அடுக்கு மாறிப்போன புத்தகத்துக்கும், ஆஸ்பத்திரியில் எந்த வார்டிலோ விட்டுப்போன மருந்தேற்றும் பம்புக்கும் அப்படி ஒரு கம்பி இல்லை. ஜி.பி.எஸ். உதவாது. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சிக்னல் கான்கிரீட் கூரையைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய 14 ஆண்டுகளைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கதையின் முக்கியமான பகுதி முழுவதிலும் டேக்கை யாரும் தொடவே இல்லை. அது மலிவாகவும் மந்தமாகவும் அப்படியே இருந்தது. மாறியதெல்லாம் ஆன்டெனா பக்கம்தான்.

ஹாங்காங்கின் 16 டேக்குகள்

எல்லோருக்கும் முதலில் தோன்றிய வழி, சிக்னலின் பலத்தை அளப்பது. பக்கத்தில் இருந்தால் பலமாக வரும், தள்ளி இருந்தால் மெலிந்து வரும். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் 2000-ல் வைஃபையை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். மாடி முழுக்க நடந்து, ஒவ்வோர் இடத்திலும் சிக்னல் எவ்வளவு என்று முதலில் குறித்து வைத்தார்கள். பிறகு வரும் சிக்னலை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். 2 முதல் 3 மீட்டர் பிழையோடு ஆள் இருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் பீரோவை இடம் மாற்றினால் பட்டியல் பழசாகிவிடும்.

ஆர்.எஃப்.ஐ.டி.யில் இந்தச் சிக்கலுக்கு ஒரு மாற்று கண்டவர்கள் லயனல் நி, யுன்ஹாவ் லியூ உள்ளிட்ட நால்வர். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து 2003-ல் வந்த அவர்களுடைய ‘லேண்ட்மார்க்’ முறை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்கள் கையில் இருந்த டேக்குகள் பேட்டரி வைத்தவை; சராசரியாக 7.5 விநாடிக்கு ஒருமுறை தம் எண்ணைத் தாமே ஒலிபரப்பும். ரீடரோ படு சிக்கனம். சிக்னல் எவ்வளவு பலம் என்று அது சொல்லாது. கேட்கிறது அல்லது கேட்கவில்லை, அவ்வளவுதான் சொல்லும். கேட்கும் திறனை 8 நிலைகளில் மாற்றலாம் என்பது மட்டுமே அதில் இருந்த ஒரே வசதி. ஆகவே ஒவ்வொரு நிலையாக மாற்றி மாற்றி, எந்த நிலையில் டேக் காதில் விழ ஆரம்பிக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு சுற்று முடிய சுமார் ஒரு நிமிடம் ஆனது.

இப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த உத்தி எளிமையானது. இடம் தெரிந்த 16 டேக்குகளை அறை முழுக்கக் கட்டம் கட்டமாக வைத்தார்கள். தேடப்படும் டேக்கை 4 ரீடர்களும் எப்படிக் கேட்கின்றன என்று பார்த்து, ஏறக்குறைய அதேபோலக் கேட்கும் 4 டேக்குகளைப் பொறுக்கினார்கள். தேடும் பொருள் அந்த நான்குக்கும் நடுவே எங்கோ இருக்க வேண்டும். யாராவது கதவைத் திறந்தாலும், அறையில் கூட்டம் சேர்ந்தாலும், தேடும் டேக்குக்கு வரும் பாதிப்பு பக்கத்து டேக்குக்கும் வரும். பட்டியல் பழசாகும் பேச்சே இல்லை. பாதி முயற்சிகளில் பிழை சுமார் 1 மீட்டருக்குள் அடங்கியது; மிக மோசமான முயற்சியிலும் 2 மீட்டரைத் தாண்டவில்லை.

கிடங்குக்கு ஒரு மீட்டர் போதும். நூலகத்துக்குப் போதாது, ஒரு மீட்டர் அடுக்கில் 30, 40 புத்தகங்கள் நிற்கும். அதற்கு மேல் நெருங்கவிடாமல் தடுத்தது, கட்டடத்துக்குள் அலை போகும் விதம். டேக்கிலிருந்து ஒரு அலை நேராக வருகிறது. அதே அலை தரையில் பட்டும், சுவரில் பட்டும், இரும்பு அலமாரியில் பட்டும் சற்றுத் தாமதமாக வருகிறது. இரண்டின் முகடுகளும் ஒன்றாகச் சேர்ந்தால் சிக்னல் ஓங்கும். ஒன்றின் முகட்டில் மற்றதன் பள்ளம் விழுந்தால் இரண்டும் அழிந்துபோகும். டேக்கை ஒரு சாண் நகர்த்தினாலே ஓங்கிய சிக்னல் ஓய்ந்துவிடலாம். பக்கத்தில் இருப்பது மெலிந்தும் தூரத்தில் இருப்பது பலமாகவும் கேட்கும் விநோதம் இதனால்தான். பலத்தை நம்பித் தூரத்தைக் கணக்கிட்டவர்கள் எல்லோரும் இந்த எதிரொலியிடம் தோற்றார்கள். அந்தக் காலத்து ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் எதிரொலி ஒரு வில்லனாகவே வரும்.

பலத்தை விட்டுக் கட்டத்துக்கு

பலத்தை விட்டால் அலையில் வேறு என்ன இருக்கிறது? பள்ளி இயற்பியலில் படித்த ‘கட்டம்’ இருக்கிறது. அலை ஒரு சுற்றில் எந்த இடத்தில் இருக்கும்போது நம்மிடம் வந்து சேர்ந்தது என்ற கணக்கு அது. கடிகாரத்தின் பெரிய முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். முள் 3-ல் நிற்பதைப் பார்த்து மணி எத்தனை என்று சொல்ல முடியாது. ஆனால் கால் சுற்று முடிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கணக்காகவே பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் ஃபாஸ்டேக் போன்ற பேட்டரி இல்லாத டேக்குகள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகின்றன. நடுவில் 915 என்று எடுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 32.8 சென்டிமீட்டர். டேக் ஒரு சென்டிமீட்டர் பின்னால் போனால், அலை போய்த் திரும்பும் பாதை 2 சென்டிமீட்டர் நீளும். கட்டம் சுமார் 22 டிகிரி திரும்பும். ரீடருக்கு அது தாராளமாகத் தெரியும். பலத்தை அளந்து ஒரு மீட்டரில் தடுமாறிய இடத்தில், கட்டம் ஒரு சென்டிமீட்டர் அசைவைக் காட்டிக்கொடுக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. அனுப்புவதும் ரீடர்தான், திரும்பப் பெறுவதும் ரீடர்தான். அலையின் மூலப் பிரதி அதன் கையிலேயே இருப்பதால் வந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.

குறையும் உண்டு. டேக் 16.4 சென்டிமீட்டர் நகர்ந்தால் முள் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். எத்தனை சுற்று முடிந்தது என்று ஒரு ஆன்டெனாவால் சொல்ல முடியாது.

இரண்டு இருந்தால்? இரண்டு ஆன்டெனாக்களை 16.4 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, டேக்கிடமிருந்து வரும் அலையை இரண்டிலும் வாங்குவோம். டேக் நேர் எதிரே இருந்தால் இரண்டிலும் கட்டம் ஒன்றாக இருக்கும். 30 டிகிரி பக்கவாட்டில் இருந்தால், ஒன்றுக்கு வரும் பாதை மற்றதைவிட 8.2 சென்டிமீட்டர் அதிகம்; அது கால் அலைநீளம், ஆகவே 90 டிகிரி வித்தியாசம். வித்தியாசத்தை அளந்தால் திசை கைக்கு வந்துவிடுகிறது. இப்படி ஒரு ஜோடியை ஒரு சுவரிலும் இன்னொன்றை அடுத்த சுவரிலும் வைத்தால், இரண்டு திசைக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் பொருள் இருக்கிறது. ஆன்டெனாக்களைக் கூட்டக் கூட்டக் கோடு மெலிந்துகொண்டே போகும்.

இதில் புதுசு எதுவும் இல்லை. ஸ்ட்ராஸ்பர்கில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905-லேயே மூன்று ஆன்டெனாக்களை நிறுத்தி, ஒன்றுக்கு மட்டும் அலையைத் தாமதப்படுத்தி, ஒலிபரப்பை வேண்டிய திசைக்குத் திருப்பிக் காட்டியிருந்தார். மார்க்கோனியோடு 1909-ன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே பிரவுன். இந்தத் தொடரில் மார்க்கோனிக்கு மூன்று அத்தியாயம் கொடுத்துவிட்டுப் பிரவுனை ஓரிரு வரியில் கடந்துவிட்டதாகச் சில வாசகர்கள் குறைப்பட்டார்கள், குறை நியாயமானதே. ராணுவ ரேடார்கள் வளர்த்தெடுத்த இந்த உத்தி, கிடங்குக்கு வந்து சேர நூறு ஆண்டுகள் ஆயின. விலைதான் காரணம்.

கிடங்குக்குக் கொண்டுவந்தவர்களில் ரமீன் சதர் குறிப்பிட வேண்டியவர். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். கிரகங்களுக்கு அப்பால் போன விண்கலத்தின் மெல்லிய சிக்னலைப் பிடிப்பது அங்கே அன்றாட வேலை. அந்தக் கைப்பழக்கத்தை டேக்கின் மெல்லிய சிக்னல்மீது திருப்பினார். அவர் தொடங்கிய மோஜிக்ஸ் நிறுவனம், ஆன்டெனா அணி கொண்ட தன் ரீடர் அமைப்பை 2008-ல் வெளியிட்டது. 2010-ல் இன்டர்மெக் நிறுவனத்தின் பாவெல் நிகிடின், கே.வி.எஸ். ராவ் முதலான பொறியாளர்கள், கட்டத்தை வைத்து என்னென்ன செய்யலாம் என்று தெளிவாக வகுத்து எழுதினார்கள். ஒரே டேக்கை அடுத்தடுத்த நொடிகளில் அளந்தால் வேகம் கிடைக்கும். அதிர்வெண்ணை மாற்றி அளந்தால் தூரம் கிடைக்கும். வேறு வேறு ஆன்டெனாவில் அளந்தால் திசை கிடைக்கும். அதே சமயத்தில் கடையில் விற்கும் சாதாரண ரீடர்களும் கட்டத்தின் அளவை வெளியே சொல்லத் தொடங்கின. அதுவரை இந்த ஆய்வுக்குத் தனிக் கருவி கட்ட வேண்டியிருந்தது. இனி யார் வேண்டுமானாலும் ரீடரை வாங்கி உட்கார்ந்துவிடலாம். அடுத்த சில ஆண்டுகளில் ஆய்வுகள் குவிந்ததற்கு இந்தச் சின்ன மாற்றமே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

நூலகத்தில் ஒரு சோதனை

2013-ல் எம்.ஐ.டி.யில் நடந்ததற்கு வருவோம். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது. சிரியாவில் பிறந்த பேராசிரியை தினா கதாபியும் அவருடைய மாணவர் ஜூ வாங்கும் ‘பின்இட்’ என்ற முறையை அங்கேயே, பல்கலைக்கழக நூலகத்தில், கடையில் கிடைக்கும் 200 டேக்குகளை ஒட்டிச் சோதித்தார்கள். கேள்வி எந்த நூலகருக்கும் பழக்கமானது: அடுக்கு மாற்றி வைத்த புத்தகம் எங்கே?

பல ஆன்டெனா வாங்குவதற்குப் பதிலாக ஒரே ஆன்டெனாவை நகர்த்தினார்கள். அடுக்கின் நீளத்துக்கு அது நகர்ந்துகொண்டே ஒவ்வோர் இடத்திலும் அளந்தால், அத்தனை இடத்திலும் ஒவ்வொரு ஆன்டெனா நிறுத்தி வைத்ததற்குச் சமம். 1951-ல் அரிசோனாவில் குட்இயர் விமான நிறுவனத்தின் கார்ல் வைலி, விமானத்தில் பறக்கும் சின்ன ரேடாரைப் பெரிய ரேடார்போல வேலை செய்ய வைக்கக் கண்டுபிடித்த வழி இதுதான். அது நூலகத்துக்குள் இறங்கி வந்திருக்கிறது.

நகரும் ஆன்டெனா சேர்த்த அளவுகளிலிருந்து ஒரு வளைகோடு வரையலாம். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு சிக்னல் வருகிறது என்று காட்டும் கோடு அது. நேர்வழியில் வந்ததற்கு ஒரு மேடு. சுவரில் பட்டு வந்ததற்கு ஒரு மேடு. எதிர் அலமாரியில் பட்டு வந்ததற்கு இன்னொன்று. அதுவரை எல்லோரும் இதில் நேர்வழி மேடு எது என்று கண்டுபிடித்து, மற்றவற்றைக் குப்பையில் போடத்தான் பாடுபட்டார்கள். நேர்வழியில் யாராவது நின்றால் அந்த மேடே காணாமல் போகும், கணக்கு கவிழும்.

கதாபியும் வாங்கும் குப்பையில் எதையும் போடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு டேக்குகளுக்கு ஒரே சுவர்தான், ஒரே அலமாரிதான். ஆகவே இரண்டின் வளைகோடும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், மேடுகள் மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கும். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே இரண்டு டேக்குக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லிவிடும். அடுக்குகளில் இடம் தெரிந்த டேக்குகளை வைத்து, தேடும் புத்தகத்தின் கோட்டை அவற்றின் கோடுகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு கோட்டை இழுத்தும் சுருக்கியும் இன்னொன்றின்மேல் பொருத்திப் பார்க்கும் கணிதம், பேச்சை அறியும் கணினிகளுக்காக முன்பே உருவானது. ஒருவர் ‘வணக்கம்’ என்று இழுத்துச் சொன்னாலும் வெடுக்கென்று சொன்னாலும் ஒரே சொல்தான் என்று கண்டுகொள்ள உதவுவது.

பாதிப் புத்தகங்கள் 11 சென்டிமீட்டர் பிழைக்குள் அகப்பட்டன. அலமாரியின் முன் நின்று கையை நீட்டினால் கிடைத்துவிடும் தூரம். ஹாங்காங்கில் 2003-ல் செய்த அதே உத்தி, இடம் தெரிந்த டேக்கோடு ஒப்பிடுவது, பத்து ஆண்டு கழித்து இங்கே மறுபடி வந்தது. ஆனால் இப்போது ஒப்பிட்டது பலத்தை அல்ல, எதிரொலிகளின் வடிவத்தை. எதிரொலி அதிகமாக அதிகமாக வளைகோட்டில் அடையாளங்களும் கூடும். வில்லனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதுதான் இந்த அத்தியாயத்தின் திருப்புமுனை. சென்டிமீட்டர் எண்ணிக்கையைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பெய்ஜிங் பெட்டிகளும் காற்றில் எழுத்தும்

அடுத்த ஆண்டு, 2014-ல், நமக்கு அறிமுகமான ஒருவர் திரும்ப வருகிறார்: யுன்ஹாவ் லியூ. இப்போது பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில். லெய் யாங் முதலானோரோடு சேர்ந்து அவர் செய்த ‘டாகோராம்’, விமான நிலையப் பெட்டிகளைக் குறிவைத்தது. கன்வேயர் பெல்ட்டில் பெட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. ரீடருக்கு எல்லா எண்களும் கேட்கின்றன. ஆனால் முதலில் வருவது சான்யா நகருக்குப் போகும் விமானத்துக்கான பெட்டியா, அதற்குப் பின்னால் வருவதா? வரிசை தெரியாவிட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

இங்கே ஆன்டெனா அசையாமல் நிற்கிறது, டேக் நகர்கிறது. மற்றபடி கணக்கு அதே ஜாதிதான். இடத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். டேக் இந்தச் சதுரத்தில் இருந்திருந்தால் ஆன்டெனாக்கள் என்ன அளந்திருக்கும் என்று கணினி ஒவ்வொரு சதுரமாகக் கேட்டுக்கொண்டே போகிறது. உண்மையில் அளந்ததோடு ஒத்துப்போகும் சதுரத்துக்கு அதிக வெளிச்சம், ஒத்துப்போகாததற்கு இருட்டு. கடைசியில் படத்தில் ஒரு புள்ளி மட்டும் பிரகாசமாக நிற்கும். நேரான பாதையில் போகும் டேக்கைச் சுமார் 5 மில்லிமீட்டர் பிழைக்குள் பிடித்தார்கள். பாதை தெரியாமல் கண்டபடி நகரும் டேக்குக்குப் பிழை 12 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறியது. பெய்ஜிங் தலைநகர விமான நிலையத்திலும் சான்யாவிலும் முறையை வெள்ளோட்டம் விட்டார்கள். ஒரு மீட்டரில் தொடங்கிய அதே மனிதர், 11 ஆண்டுகளில் மில்லிமீட்டருக்கு வந்துவிட்டார்.

அதே 2014-ல் கதாபியின் குழு விரலில் டேக்கை மாட்டிக்கொண்டு காற்றில் எழுதியது. 8 ஆன்டெனாக்கள், சில நெருக்கமாக, சில வெகுவாக விலக்கி. விலகியவை திசையைக் கூர்மையாகச் சொல்லும், ஆனால் பல விடைகளை ஒரே சமயத்தில் தரும். நெருங்கியவை மங்கலாகச் சொல்லும், ஆனால் ஒரே விடைதான். மங்கலானதை வைத்துக் கூர்மையானதில் சரியானதைப் பொறுக்கினால் கோடு படிக்கும்படி வந்துவிடுகிறது. பார்க்க வேடிக்கை, வியாபாரமாக அது எங்கும் போகவில்லை.

2017-ல் எம்.ஐ.டி.யின் யுன்ஃபே மா, நிக்கலஸ் செல்பி, ஃபடேல் அதிப் மூவரும் வேறு வழியில் புகுந்தார்கள். டேக் விழிக்கத் தேவையான அலை சட்டம் ஒதுக்கிய குறுகிய பட்டைக்குள்தான் இருக்க வேண்டும். ஆனால் விழித்தபின் டேக் எந்த அலை மேலே பட்டாலும் அதைத் திருப்பும். எனவே எழுப்புவதற்கு ஒதுக்கிய பட்டையையும், அளப்பதற்கு வேறு அதிர்வெண்களில் மிக மெல்லிய அலைகளையும் வைத்தார்கள். முள் எத்தனை சுற்று சுற்றியது என்ற பழைய குழப்பம் இப்படித் தீர்ந்தது. பிழை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குள் வந்தது.

இந்தக் கட்டுரைகளுக்கு நடுவே ஒரு தமிழரின் வேலையும் இருக்கிறது. இலங்கையில் பிறந்த சிதம்பரநாதன் சபேசன், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செய்தது சென்டிமீட்டர் பந்தயம் அல்ல. அதற்கு முந்தைய கேள்வி. அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் டேக் விழிக்கவே இல்லை என்றால் எங்கிருந்து இடத்தைச் சொல்வது? ஆன்டெனாக்களைக் கூரை முழுக்கப் பரப்பி, அவற்றின் கட்டத்தையும் அதிர்வெண்ணையும் மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தச் செத்த இடங்களும் நகர்ந்துகொண்டே இருக்கும். எந்த டேக்கும் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளாது. இதை வைத்துத் தொடங்கிய நிறுவனம் பெர்வாசிட். கட்டுரை எழுதுகிறவர்கள் கவனிக்காத, ஆனால் கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி இது: எல்லா டேக்கும் படிக்கிறதா?

கடைகளின் கூரைக்கு உண்மையில் வந்து சேர்ந்தது என்ன? இம்பின்ஜ் நிறுவனத்தின் எக்ஸ்அரே போன்ற ரீடர்கள். ஒரே தட்டையான பெட்டிக்குள் ஆன்டெனா அணி. 52 திசைகளில் கற்றையை மாற்றி மாற்றிக் கீழே தேடும். துல்லியம் ஒன்றரை மீட்டர் அளவுதான். ஆய்வகச் சென்டிமீட்டர் கடையில் மீட்டராவதற்குக் காரணம் மர்மமில்லை. ஆய்வகத்தில் ஒவ்வொரு ஆன்டெனாவின் இடமும் அளந்து குறிக்கப்பட்டிருக்கும், டேக்குகள் சில நூறுதான். ஜவுளிக்கடையில் பல ஆயிரம் டேக்குகள் ஒரே ரீடரின் நேரத்தைப் பங்கு போடுகின்றன, துணிகள் மடிந்து டேக்கின் முகம் திரும்பியிருக்கிறது, நடுவில் ஆட்கள் ஓயாமல் நடக்கிறார்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அது இந்த அலையை நன்றாகவே விழுங்கும். சட்டை எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்தால் கடைக்காரருக்குப் போதும் என்பதால், அதற்கு மேல் காசு செலவழிக்க அவருக்கும் மனம் வரவில்லை.

நூலகத்துக்கோ கடைக்கோ கிடங்குக்கோ இந்தக் கருவி வாங்கும் பொறுப்பில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் சென்டிமீட்டர் கணக்குக் காட்டினால், எந்த அறையில், எத்தனை டேக்குகளை வைத்து அளந்தது என்று கேளுங்கள். பிறகு உங்கள் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, ஆட்கள் நடமாடும் வேலை நேரத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில்: 2003 மார்ச்சில் பெனட்டன் ஆடைகளுக்குள் டேக் வரப்போகிறது என்ற அறிவிப்பும், அதைத் தொடர்ந்து எழுந்த புறக்கணிப்புக் குரலும்.

(தொடரும்)